வீட்டைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

வகுப்பறைக்கு வெளியே



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் மட்டும் வகுப்பறை வாசலில் தயங்கி நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள்ளே வண்ணத்தில் அச்சடித்த வீட்டுப் படம், மனை வரைபடம், முன்பணம் கட்டுவதற்கான பாரம்.

“மாமாவுக்கு அடுத்த வருஷம் வேலை முடியுது டீச்சர். லயம் மாமா பேருலதான் இருக்கு, காலி பண்ணணும். இந்த இடத்துல வீடு கட்டித் தர்றாங்களாம். மாமாவோட இ.பி.எப். காசுல முன்பணம் கட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. வீடு நல்லா இருக்கான்னு நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

படத்தைப் பார்த்தேன். வீடு அழகாகத்தான் இருந்தது. மூன்று அறை, முன்னே கார் நிறுத்த இடம், வாசலில் பூச்செடி.

“வீடு இருக்கட்டும்மா. நிலத்தைப் போய்ப் பார்த்தீங்களா?” என்றேன்.

“நிலத்துல என்ன டீச்சர் பார்க்கிறது? செம்பனையை வெட்டிட்டு மண்ணைக் கொட்டுவாங்க. எல்லாம் ஒண்ணுதானே?”

எல்லாம் ஒன்றுதானா? இந்தக் கேள்விதான் இம்மாதம் என்னை எழுத வைத்தது. ஒரு மாட்டை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். புடவை எடுக்கப் போனால் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறோம். முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டும் நிலத்தை மட்டும் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம்!

நம் ஊர்க் கோபுரம் சொல்லும் பாடம்

தெலுக் இந்தானில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஊர் நடுவே சாய்ந்து நிற்கிறதே மணிக்கூண்டு, அதுவே போதும்.

1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சியோங் என்ற குத்தகையாளர் அதைக் கட்டினார். உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றே தளம். மணி காட்டுவது அதன் ஒரு வேலைதான். ஊருக்குக் குடிதண்ணீர் தேக்கி வைப்பது மற்றொரு வேலை. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஆற்றோரத்துச் சேற்று மண். தண்ணீரின் பாரத்தை அந்த இளகிய மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தாங்கவில்லை. கட்டி நெடுங்காலம் ஆகுமுன்பே கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்றைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கொத்தனார் செங்கல்லைச் சரியாகத்தான் அடுக்கினார். கட்டடம் இடியாமல் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்பதே அவர் கைவேலைக்குச் சாட்சி. கோணல் வந்தது மண்ணால். கோபுரம் சாய்ந்தால் சுற்றுலா. நம் வீடு சாய்ந்தால் யார் பார்க்க வருவார்கள்?

திருக்குறளில் ஐம்பதாவது அதிகாரத்தின் பெயரே இடனறிதல். ஆழ்ந்த தண்ணீரில் வெல்லும் முதலை கரைக்கு வந்தால் தோற்றுப்போகும் என்றும், பெரிய யானையும் சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகும் என்றும் வள்ளுவர் அங்கே சொல்லுகிறார். அவர் பேசியது அரசனின் போரைப் பற்றி. ஆனால் வீடு கட்டுகிறவனுக்கும் அது பொருந்தும். யானைக்கே இடம் முக்கியம் என்றால் நம் அடுக்களைச் சுவருக்கு எத்தனை முக்கியம்!

கீழே பாருங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நிலத்தைப் பார்க்கப் போனோம். அந்தத் தாயார், அவர் கணவர், பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவர், நான். தாத்தாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. வாழ்நாள் முழுவதும் அல்லூறு வெட்டியவர். தண்ணீர்க் கதவைத் திறந்து மூடியவர். எந்தக் காண்டு வழியே தண்ணீர் எங்கே போகும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும்.

சடக்கிலிருந்து இறங்கியதும் தாத்தா மரங்களைக் காட்டினார். செம்பனை மரங்கள் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து கிடந்தன. வேர்கள் மண்ணுக்கு மேலே தெரிந்தன.

“டீச்சரம்மா, நம்ம மணிக்கூண்டுக்குத் தம்பிங்க இவங்க எல்லாம்” என்று சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. கீழ்ப்பேராக்கில் பல இடங்களில் இருப்பது கரிமண். காடும் புல்லும் பல்லாயிரம் ஆண்டு தண்ணீரில் ஊறிக் கிடந்து, முழுவதும் மக்காமல் சேர்ந்த மண் அது. தண்ணீர் இருக்கும்வரை உப்பியிருக்கும். அல்லூறு வெட்டித் தண்ணீரை வடித்தால் பஞ்சு காய்வதுபோல் சுருங்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மக்கத் தொடங்கும். அதனால் நிலமே இறங்குகிறது. முதல் சில ஆண்டுகளில் வேகமாக, பிறகு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். மரம் பிடிமானம் இழந்து சாய்கிறது. பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் வாசல்படிக்குக் கீழே ஒரு படி கூடிவிடும்.

மேலே மண்ணைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்கிறீர்களா? கொட்டுகிற மண்ணுக்கும் பாரம் இருக்கிறது. அந்தப் பாரமே அடி மண்ணை இன்னும் அமுக்கும். அமுங்கி அடங்குவதற்குக் காலம் விட வேண்டும். ஆழமாக மரத்தூணோ சிமெண்டுத் தூணோ அடித்து வீட்டை நிறுத்தலாம், செலவு கூடும். அப்படி வீடு நின்றாலும், சுற்றியுள்ள தரையும் கழிவு நீர்க் குழாயும் கார் நிறுத்தும் இடமும் தூணின் மேல் நிற்பதில்லை. அவை இறங்கும், குழாய் பிடுங்கிக்கொள்ளும். நாம் கொட்டி உயர்த்திய மேட்டிலிருந்து ஓடும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். அதற்குப் பிறகு அண்டை வீட்டாரோடு சண்டை.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் பேராக் ஆற்றின் வளைவில் இருக்கிறது. தெலுக் என்றால் வளைவு என்றுதானே பொருள்? முன்பு தெலுக் ஆன்சனாக இருந்து 1982இல் தெலுக் இந்தானாகப் பெயர் மாறிய பிறகும் வளைவு வளைவுதான். மேலே மலையில் பெய்த மழை ஆற்று வழியே இறங்கி வருகிறது. கீழே கடலிலிருந்து அலையேற்றம் எதிர்த்து வருகிறது. இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால், அல்லூற்றுத் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்க வழியில்லாமல் நிலத்தில் நிற்கும்.

தாத்தா ஓரிடத்தில் நின்றார். இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். “1967 ஜனவரி வெள்ளத்துல தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு. எனக்கு எட்டு வயசு. எங்கப்பா தோள்மேல உட்கார்ந்துக்கிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.”

அந்த ஆண்டு வெள்ளம் கிளந்தான், திரங்கானு மாநிலங்களோடு பேராக் ஆற்றுப் படுகையையும் மூழ்கடித்தது. அந்த மனை வரைபடத்தில் சாலை இருந்தது, விளையாட்டுத் திடல் இருந்தது, பூங்கா கூட இருந்தது. தாத்தா கையால் காட்டிய அந்தக் கோடு மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் நம் முன்னோர் ஊர் அமைத்த விதத்தைக் கவனியுங்கள். பள்ளத்தில் வயல், மேட்டில் குடியிருப்பு. குடியிருப்பு நிலத்துக்கு நத்தம் என்று தனிப்பெயரே வைத்தார்கள். வைகைக் கரையில் கீழடியில் பழைய கட்டடங்களைத் தோண்டி எடுத்த இடத்தின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். திடல் என்றால் மேட்டு நிலம். ஆற்றை விட்டுத் தூரம் போகவும் இல்லை. ஆற்றுக்குள்ளே குடியேறவும் இல்லை. இந்த அறிவு நமக்குப் புதிதல்ல, மறந்து போனது.

மேலே பாருங்கள்

தெலுக் இந்தான் சமவெளி. ஈப்போ, கம்பார் பக்கம் இருப்பவர்கள் கீழே பார்ப்பதோடு மேலேயும் பார்க்க வேண்டும்.

ஈப்போ கல்லுமலை முருகனைத் தைப்பூசத்தில் தரிசிக்காதவர் நம்மில் குறைவு. அந்தக் குனோங் செரோ மலையின் அடிவாரத்தில் 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பெரிய சுண்ணாம்புப் பாறை ஒன்று பெயர்ந்து, கீழே இருந்த நீளமான குடியிருப்பின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். சுண்ணாம்புக் கல் மழையில் கரையும். உள்ளுக்குள்ளே வெடிப்பு விடும். வெளியிலிருந்து பார்த்தால் அசையாத மலை. நிழலும் குளிர்ச்சியும் இருக்கிறதே என்று அடிவாரத்தில் குடியிருப்போம். பாறை நாள் குறித்துவிட்டு விழுவதில்லை.

1996 ஆகஸ்டு 29ஆம் நாள் கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமத்தில், மலையிலிருந்து வெள்ளமும் சேறும் மரக்கட்டைகளும் ஒன்றாக இறங்கின. 44 பேர் உயிரிழந்தனர். ஏழைகளுக்குத்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம். 1993 டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற 12 மாடிக் கட்டடம் பின்னாலிருந்த மண்சரிவால் சாய்ந்து விழுந்து 48 பேர் மாண்டார்களே! அங்கே இருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். மேட்டு மண்ணுக்குள் தண்ணீர் போய்த் தேங்கினால் பணக்காரன் ஏழை என்று அது பார்ப்பதில்லை.

பக்கத்தில் பாருங்கள்

நம் மனைக்கு அடுத்தாற்போல் என்ன இருக்கிறது? நாளைக்கு என்ன வரப் போகிறது?

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுற்றுப்புறத்து வீடுகளும் சேதமாயின. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் தீப்பற்றி எரிந்ததில் அருகிலிருந்த குடியிருப்புகள் கருகின. ஆலையும் வேண்டும், எரிவாயுவும் வேண்டும். அவற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம் என்பதுதான் கேள்வி.

நம் பேராக்கிலேயே இதற்குப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982ஆம் ஆண்டு ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை வேலையைத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து அருமண் பிரிக்கும் ஆலை. அதில் மிஞ்சும் கழிவில் கதிர்வீச்சு உண்டு. அதைப் புதைத்து வைக்கப் பாப்பான் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1984இல் பாப்பான் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இடம் மாற்றப்பட்டது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1993இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

வழக்கின் வெற்றி தோல்வியை விடுங்கள். ஓர் ஆலைக்கும் அதன் குப்பைக்கும் இடம் தேடும்போதே ஊராரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பத்தாண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும் அல்லவா? இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மக்களைக் கேட்பது, தாலி கட்டிய பிறகு பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பது போல.

தோட்டத்து நிலத்தில் எழும் வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. செம்பனை ஆலையின் கழிவுக் குளம் எத்தனை தூரம்? காற்று எந்தப் பக்கம் வீசும்? பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு வந்தால் நாற்றம் தெரியாமல் போகலாம். விடியற்காலையிலும் மழைக்குப் பிறகும் ஒரு முறை போய் நில்லுங்கள்.

தூரத்தைப் பாருங்கள்

மனை மேட்டில் இருக்கிறது, மண் கெட்டி, பக்கத்தில் ஆலை இல்லை. எல்லாம் சரி. பஸ் வருமா? கிளினிக் எவ்வளவு தூரம்? கோயில்? சுடுகாடு? வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளுக்கு மாதம் எத்தனை வெள்ளி எண்ணெய்?

ஆசிரியை என்ற முறையில் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன். தமிழ்ப்பள்ளி எங்கே? தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறியபோது பள்ளி மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம். ஒரு வகுப்பில் ஐந்தாறு பேரோடு பாடம் நடத்தும் வேதனை எங்களுக்குத் தெரியும். புதிய குடியிருப்பு எங்கே எழுகிறதோ அங்கேயே பள்ளிக்கும் இடம் ஒதுக்கும்படி தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். வீடுகள் நிறைந்த பிறகு கேட்டால், இருக்கும் இடமெல்லாம் கடைக்கும் கார் நிறுத்தவும் போயிருக்கும்.

கண்ணாடித் தாள் பாடம்

இப்படிப் பார்ப்பதைத்தான் நகரத் திட்டமிடுவோர் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயன் மெக்ஹார்க் என்பவர் 1969இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒரே நிலத்துக்குப் பல கண்ணாடித் தாள்கள். ஒன்றில் வெள்ளம் வரும் இடத்தைக் கறுப்பாக்கு. இன்னொன்றில் இளகிய மண்ணைக் கறுப்பாக்கு. மற்றொன்றில் சரிவு, வேறொன்றில் பாதுகாக்க வேண்டிய காடு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடி. எந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறதோ அங்கே கட்டு. இப்போது கணினி இதைச் செய்கிறது. முறை அதுவேதான்.

இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தேன். தோட்டத்து வரைபடத்தின்மேல் எண்ணெய்த் தாளை வைத்துப் பென்சிலால் தீட்டச் சொன்னேன். தண்ணீர் நிற்கும் இடத்தைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்தார்கள். கரிமண், ஆலைக் குளம், ஆற்றங்கரை என்று தாள்கள் சேர்ந்தன. அடுக்கிச் சன்னல் பக்கம் பிடித்தோம். பெரும்பகுதி கறுத்துவிட்டது. ஒரு சிறுவன் சொன்னான்: “டீச்சர், துரை பங்களா மட்டும் வெள்ளையா இருக்கு!”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்களாவை எங்கே கட்டுவது, லயத்தை எங்கே கட்டுவது என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் நிலத்தை நன்றாகப் பார்த்துத்தான் தீர்மானித்திருக்கிறார். இடம் பார்க்கும் அறிவு அன்றும் இருந்தது. அது யாருக்காகப் பயன்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

இன்றும் அப்படித்தான். நல்ல மேட்டு நிலம் விலை அதிகம். பள்ளம் மலிவு. மலிவான நிலத்தில் மலிவு வீடு, மலிவு வீட்டில் நாம். வாங்கும்போது மிச்சமான பணத்தைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம். வெடித்த சுவருக்கு ஒரு தரம், மூழ்கிய மெத்தைக்கு ஒரு தரம், பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு தரம்.

தாளைப் பாருங்கள்

ஐந்தாவதாகப் பார்க்க வேண்டியது தாள். தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு மூன்று வகைப் பயன்பாடு உண்டு: விவசாயம், கட்டடம், தொழில்துறை. நிலப்பட்டாவில், அதாவது கிரானில், அது குறிக்கப்பட்டிருக்கும். ‘பெர்த்தானியான்’ என்று இருந்தால் விவசாய நிலம். ‘பங்குனான்’ என்று இருந்தால் கட்டட நிலம். விவசாய நிலத்தைத் துண்டு போட்டு வீட்டு மனை என்று விற்பவரிடம், நிலப் பயன்பாடு மாற்றப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். சிறு கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்தால் உரிமையாளர் யார், நிலத்தின் மேல் கடன் உண்டா, என்ன நிபந்தனை என்பதெல்லாம் தெரியும்.

இனி நமக்கு மிகவும் தேவையான செய்தி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று உள்ளூர்த் திட்டம் ஒன்றை வரையச் சொல்கிறது. மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்பார்கள். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது இதற்குக் கட்டாயமில்லை. லயத்தில் இருப்பவரும் எழுதலாம்.

இது ஏன் முக்கியம்? உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமானத்துக்கு விண்ணப்பித்தால், அண்டை நிலத்தின் உரிமையாளருக்குக் கடிதம் போகும். அவர் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். கவனியுங்கள், கடிதம் போவது உரிமையாளருக்கு. மூன்று தலைமுறையாக அதே மண்ணில் இருந்தாலும் லயத்துக் குடும்பத்துக்குக் கடிதம் வராது. ஆகவே திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும் அந்தச் சில வாரங்கள்தாம் நமக்குக் கிடைக்கும் கதவு. அறிவிப்பு நாளிதழில் வரும். நகராண்மைக் கழகத்தில் வரைபடம் இருக்கும். போய்ப் பாருங்கள். மலாய் புரியவில்லையா? பிள்ளையை அழைத்துப் போங்கள், படித்துச் சொல்லட்டும்.

சொந்த நிலம் இல்லாதவன் சொல் ஏறாது என்பதைத் துன் வீ. தி. சம்பந்தன் அன்றே உணர்ந்திருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கியதன் அடிப்படை அதுதான். நிலம் நம் கையில் இருந்தால் எங்கே குடியிருப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. வாய்க்காதவர்களுக்கு மிச்சமிருப்பது கேட்கும் உரிமை. அதையும் விட்டுவிடலாமா?

அந்தத் தாயார் என்ன செய்தார்?

ஞாயிறு மாலை நிலத்திலிருந்து திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. லயத்து வாசலுக்கு வந்ததும் சொன்னார்: “வேண்டாம்னு சொல்றது சுலபம் டீச்சர். அடுத்த வருஷம் மாமாவை எங்க கூட்டிக்கிட்டுப் போறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வாசகர்களிடம் மறைப்பானேன்? ‘நல்ல இடமாகப் பாருங்கள்’ என்று அறிவுரை சொல்வது என்னைப் போல் மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு எளிது. லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அப்படி அல்ல.

அன்றிரவு தாத்தா ஒரு வழி சொன்னார். அந்த வரைபடத்திலேயே சடக்கை ஒட்டி ஒரு பகுதி கொஞ்சம் உயரம். வெள்ளத்தின்போது மாடுகளை அங்கேதான் கட்டினார்களாம். வரைபடத்தில் அதைக் கடைகளுக்கென்று போட்டிருந்தார்கள். விளையாட்டுத் திடலை இந்தப் பள்ளத்துக்குக் கொண்டு வரலாமே, தண்ணீர் நின்றாலும் நாலு நாளில் வடிந்துவிடும், பந்து விளையாடத்தானே போகிறார்கள் என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் சொன்ன திட்டம் அது!

அதை நாங்கள் கடிதமாக எழுதினோம். வாங்க எண்ணியிருந்த ஆறு குடும்பங்கள் கையெழுத்திட்டன. மூன்று கேள்வி கேட்டோம். மண் சோதனை செய்தீர்களா, அறிக்கையைப் பார்க்கலாமா? தரையை வெள்ள மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயர்த்துவீர்கள்? கொட்டிய மண் அடங்க எத்தனை மாதம் விடுவீர்கள்? கூடவே தாத்தாவின் யோசனையும், மாணவர்கள் தீட்டிய எண்ணெய்த் தாளின் நகலும். ஒரு பிரதி கட்டுகிறவர்களுக்கு, ஒரு பிரதி நகராண்மைக் கழகத்துக்கு. பதில் இன்னும் வரவில்லை. முன்பணப் பாரம் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது.

பதில் நல்லதாக வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வரைபடம் இன்னும் தாளாகத்தான் இருக்கிறது. தாளில் இருக்கும் கோட்டை ஒரு துண்டு ரப்பரால் அழித்துவிடலாம். சிமெண்டு ஊற்றிய பிறகு அழிக்கக் கோடரி வேண்டும். ஆகவே பேச வேண்டியது இப்போது.

வாசகர்களே, இம்மாதம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தோட்டத்தில், உங்கள் கம்பத்தில், வயதில் மூத்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த இடம் நனையவில்லை என்று கேளுங்கள். ஒரு தாளில் குறித்துத் தேதி போட்டு, கோயில் நிர்வாகத்திடமோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள். அந்த வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அவர்கள் கண்ணை மூடினால் அதுவும் அவர்களோடு போய்விடும்.